நோய் தீர்ந்து வீடு திரும்பியவர்கள்



மலருக்கு வரலாறு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. ராஜா, கோட்டை, போர் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் நம்ம வீடுகளுக்குள்ளே நடந்த ஒரு வரலாற்றை எழுதுறேன். நோய் வந்தவங்களை வீட்டை விட்டுப் பிரிச்சு வச்சதும், அவங்க குணமாகித் திரும்பி வந்ததும்தான் அந்த வரலாறு. சுகாதார நிலையத்தில் நடந்த காசநோய் கூட்டத்தில் கேட்டது, அப்புறம் தேடிப் படிச்சது, வீட்டுப் பெரியவங்க சொன்னது எல்லாம் இதில் இருக்கு.

சானடோரியம் என்று ஒரு ஊர்

சென்னைக்கு மின்சார ரயிலில் போனவங்களுக்குத் தெரியும். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பேரு தாம்பரம் சானடோரியம். அது ஊர்ப் பேர் மாதிரி ஆயிடுச்சு. ஆனா சானடோரியம்னா காசநோய்க்காரங்களைத் தனியா வச்சுப் பார்க்கிற ஆஸ்பத்திரி.

காசநோயை அந்தக் காலத்தில் சயரோகம்னு சொல்லுவாங்க. எலும்புருக்கி நோய்னும் ஒரு பேர் உண்டு. ஆள் உருகி எலும்பும் தோலுமா ஆயிடுவாங்க என்பதால் அந்தப் பேர். இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் கோக் 1882-ஆம் வருஷம் மார்ச் 24-ந் தேதி அறிவிச்சார். அதனால்தான் வருஷா வருஷம் மார்ச் 24 காசநோய் தினமா நடத்துறாங்க.

கிருமி என்று தெரிஞ்சாலும் அதைக் கொல்ல மருந்து கிடைக்கலை. அறுபது வருஷத்துக்கு மேல் இதே நிலைமைதான். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அதுக்காக ஊருக்கு வெளியே மரங்கள் நிறைஞ்ச இடத்தில் சானடோரியம் கட்டினாங்க. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் ஆரோக்கியவரம் என்ற இடத்தில் 1915-ல் ஒன்று வந்தது. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் ஆரம்பிச்சார். பின்னாடி அதை அரசாங்கம் எடுத்துக்கிட்டது. பெருந்துறை, செங்கிப்பட்டி, மதுரை பக்கம் ஆஸ்டின்பட்டி என்று நம்ம மாநிலத்தில் பல இடங்களில் இந்த மாதிரி ஆஸ்பத்திரிகள் இருந்தன.

அங்கே போனால் மாசக்கணக்கு, சில பேருக்கு வருஷக்கணக்கு. பிள்ளைகளைப் பார்க்க முடியாது. வீட்டில் ஒரு ஆள் சம்பாத்தியம் நின்னு போயிடும். போனது தாயா இருந்தா அடுப்பே நின்னு போயிடும்.

ராமானுஜனும் ஜானகியும்

கணித மேதை ராமானுஜன் பற்றி நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கோம். அவர் 1914-ல் இங்கிலாந்து போனார். 1917-ல் அங்கே அவருக்கு உடம்பு கெட்டது. டாக்டர்கள் காசநோய் என்று நினைச்சு ஒரு சானடோரியம் மாற்றி ஒரு சானடோரியத்தில் வச்சாங்க. அதில் ஒரு இடத்தில் அவரைப் பார்த்தவர், நான் மேலே சொன்ன அதே டாக்டர் சவுரிமுத்துதான். அப்போது அவர் இங்கிலாந்தில் ஒரு சானடோரியம் நடத்திக்கிட்டு இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயாக இல்லாமல் வேறு நோயாகவும் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்து டாக்டர்கள் சில பேர் எழுதியிருக்காங்க.)

குளிர் நாடு. தனி அறை. நம்ம சாப்பாடு கிடைக்காத இடம். மனைவி ஜானகி அம்மாள் கடல் தாண்டி இங்கே இருந்தாங்க. 1919-ல்தான் அவர் ஊர் திரும்பினார். அஞ்சு வருஷம் கழிச்சு சேர்ந்த கணவருக்குப் பக்கத்தில் இருந்து ஜானகி அம்மாள்தான் எல்லாம் செஞ்சாங்க. ஒரு வருஷம்தான் அது நீடிச்சது. 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்துட்டார். வயசு 32.

அப்புறம் ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செஞ்சு தன் சொந்தக் காலில் நின்னாங்க. 1994 வரைக்கும் வாழ்ந்தாங்க. தையல் மிஷின் கடன் வாங்கின நம்ம உறுப்பினர்கள் இந்தப் பெயரை மறக்காம வச்சுக்கணும்.

மருந்து வந்தது, படுக்கை இல்லை

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது. அடுத்து பாஸ் என்கிற மருந்து. 1952-ல் ஐ.என்.எச். மாத்திரை. முதல் முறையா இந்த நோயைக் கொல்ல மருந்து கிடைச்சது.

ஆனா ஒரு சிக்கல். மருந்து கொடுத்தாலும் நோயாளியை சானடோரியத்தில் படுக்க வச்சுத்தான் கொடுக்கணும் என்று உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பினாங்க. வீட்டில் விட்டால் மற்றவங்களுக்குத் தொற்றிடும், ஏழை வீட்டில் சத்தான சாப்பாடு கிடையாது, ஓய்வும் கிடைக்காது, அதனால் குணமாகாது என்று நினைச்சாங்க. நம்ம நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தாங்க. அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போறது?

சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சி

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிச்ச இடம் நம்ம சென்னை. ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தின வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் முன்னின்று செஞ்சார்.

சென்னையில் இருந்த 193 நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் ஏழைக் குடும்பங்கள், நெருக்கடியான வீடுகள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரிச்சு, பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தாங்க. பாதிப் பேரை அவங்க அவங்க வீட்டிலேயே விட்டாங்க. இரண்டு பக்கமும் ஒரே மருந்துதான், ஐ.என்.எச்.சும் பாஸும், ஒரு வருஷத்துக்கு.

வீட்டில் இருந்தவங்க வாரா வாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கணும். மாத்திரையை நிஜமா முழுங்குறாங்களா என்று பார்க்க, மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவாங்க, சிறுநீர் சோதனை பண்ணுவாங்க.

சானடோரியத்தில் இருந்தவங்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காத்தோட்டம். அவங்க எடையும் கூடுதலா ஏறிச்சு. வீட்டில் இருந்தவங்களுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. சில பேர் வேலைக்கும் போனாங்க. ஒரு வருஷம் முடிஞ்சு பார்த்தால், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு. ஏறக்குறைய ஒரே அளவுதான். 1959-ல் இந்த முடிவு உலகத்துக்கே தெரிஞ்சது.

இன்னொரு பயம் பாக்கி இருந்தது. வீட்டில் இருந்த பிள்ளை குட்டிகளுக்குத் தொற்றியிருக்குமா? இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் அஞ்சு வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தாங்க. நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பத்தில் நோய் கூடுதலா வரலை. காரணம் இதுதான். நோய் இருப்பது தெரியாமல் இருமிக்கிட்டு இருக்கிற நாட்களில்தான் பெரும்பாலும் தொற்று நடக்குது. சரியான மருந்து ஆரம்பிச்ச பிறகு தொற்றுகிற தன்மை சீக்கிரமே குறைஞ்சு போகுது.

இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. குணமாகறதுக்குக் குடும்பத்தைப் பிரிய வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபிச்சுக் காட்டினது சென்னையில் சின்னச் சின்ன வீடுகளில் இருந்த ஏழை ஜனங்கள். வாரா வாரம் நடந்து போய் மருந்து வாங்கி வந்து விடாமல் சாப்பிட்டது அவங்கதான். 1962-ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடுகிற முறையில்தான் அமைஞ்சது. வெளிநாடுகளிலும் சானடோரியங்களை ஒவ்வொன்றா மூடினாங்க. அந்த மையம் இப்போதும் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமா நடக்குது.

எங்க வீட்டில் நடந்தது

ஆராய்ச்சி முடிவு வந்தாலும் கிராமத்துக்கு வந்து சேர நாள் ஆச்சு. என் மாமியாருக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, 1967 வாக்கில், அவங்க அம்மாவை ஒரு சானடோரியத்தில் சேர்த்தாங்க. மாசத்துக்கு ஒரு தடவை அவங்க அப்பா மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வருவார். பிள்ளைகளைக் கூட்டிப் போகலை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

குணமாகி அந்த அம்மா திரும்பி வந்த அன்னைக்கு என் மாமியார் பாட்டி சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். அம்மா முகம் மறந்து போச்சு. "யார் ஆத்தா இது?" என்று கேட்டாங்களாம். அந்த அம்மா தொடாமல் தள்ளியே நின்னு அழுதிருக்காங்க.

ஆஸ்பத்திரியில் நோய் தீர்ந்துடுச்சு என்று எழுதியே கொடுத்திருக்காங்க. ஆனாலும் வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர், படுக்கை திண்ணையில். சமையல்கட்டுக்குள்ளே வரக் கூடாது. மூணு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் நடவு வந்தது. ஊரில் ஆள் கிடைக்கலை. மாமியார்க்காரி வந்து, "நீயும் வயலுக்கு வா" என்று கூப்பிட்டாங்க. மத்தியானம் எல்லாரோடயும் வரப்பில் உட்கார்ந்து ஒரே சட்டியில் இருந்து கூழ் குடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குள்ளே படுத்தாங்க. "நோய் போனது ஆஸ்பத்திரியில், தட்டு மாறினது நடவில்" என்று என் மாமியார் இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. அந்த மூணு மாசத்தில் அம்மா மடியில் ஒரு நாள்கூட உட்கார விடலையாம்.

ஒன்று நல்லாத் தெரிஞ்சுக்கணும். காசநோய் தட்டிலும் தம்ளரிலும் பரவுவது இல்லை. இருமும்போது காத்தில் பரவுவது. அந்தத் தனித் தட்டு யாரையும் காப்பாத்தலை. ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வச்சதுதான் மிச்சம்.

சட்டமே பிரிச்சு வச்ச காலம்

காசநோயை விடக் கொடுமையா ஒதுக்கப்பட்டவங்க தொழுநோய் வந்தவங்க. வெள்ளைக்காரன் காலத்தில் 1898-ல் ஒரு சட்டம் போட்டாங்க. பிச்சை எடுக்கிற தொழுநோயாளியைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அடைச்சு வைக்க அதில் இடம் இருந்தது. அந்தச் சட்டத்தை முழுசா நீக்கினது 2016-ல்தான்.

மருந்து எப்பவோ வந்துட்டது. 1980-களில் இருந்து கூட்டு மருந்து கொடுக்கிறாங்க. ஆறு மாசம் அல்லது ஒரு வருஷத்தில் குணமாகிடும். ஆனா குணமானாலும் குடும்பம் சேர்த்துக்கலை. அப்படிப்பட்டவங்களுக்காகவே அரசு மறுவாழ்வு இல்லங்கள் நடத்துது. செங்கல்பட்டு பக்கத்தில் பரனூரில் அப்படி ஒன்று இருக்கு.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்தது. மற்ற சில மதங்களின் திருமணச் சட்டங்களிலும் இது இருந்தது. 2019-ல் பார்லிமெண்ட் ஒரு திருத்தம் கொண்டு வந்து அஞ்சு சட்டங்களில் இருந்து தொழுநோயை எடுத்தாங்க. மாத்திரையில் தீருகிற நோய்க்காகக் கட்டினவளை விலக்கி வைக்கலாம் என்று அத்தனை வருஷம் சட்டப் புத்தகத்திலேயே எழுதி இருந்திருக்கு.

கொரோனாவில் நாமே பார்த்தது

இது எல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கொரோனா வந்தது. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினாங்க. சில ஊரில் தகரம் வச்சு அடைச்சாங்க. நம்ம குழுக்கள் முகக்கவசம் தைச்சோம். அந்த வருஷம் டிசம்பரில், காரணமில்லாமல் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சு.

இரண்டாவது அலை சமயம் எங்க குழு உறுப்பினர் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வந்தாங்க. தனியா இருக்க வேண்டிய நாளும் முடிஞ்சு போச்சு. ஆனா தெருக் குழாயில் அவங்க குடத்தை வச்சா மற்ற குடமெல்லாம் நகர்ந்துச்சு. கடையில் சில்லறையைக் கையில் வாங்க மாட்டேன்னாங்க. வீட்டிலும் பிள்ளைகளை மாமியார் பக்கத்திலேயே படுக்க வச்சிருந்தாங்க. அவங்க குழுக் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க.

எங்க ஊக்குநர் அக்கா ஒரு வேலை பண்ணாங்க. "இந்த வாரக் கூட்டம் அவ வீட்டுத் திண்ணையில்" என்று சொல்லிட்டாங்க. பன்னிரண்டு பேரும் போனோம். ரெண்டு பேருக்கு முகம் சரியில்லை, ஆனாலும் வந்தாங்க. சேமிப்புப் பணம் வாங்கினோம், தீர்மானம் எழுதினோம், அவங்க போட்ட டீயைக் குடிச்சோம். தெரு முழுக்கப் பார்த்துச்சு. மாமியார்க்காரியும் பார்த்தாங்க. அன்னைக்கு ராத்திரியே சின்னவன் ஓடி வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கிட்டான் என்று மறுநாள் அவங்களே வந்து சொன்னாங்க.

நம்ம குழுக்கள் செய்யக்கூடியது

நூறு வருஷத்து வரலாற்றில் எனக்குத் தெரிஞ்ச உண்மை இதுதான். நோயைத் தீர்ப்பது மருந்து. ஆளைத் திரும்பவும் வீட்டில் சேர்ப்பது வீட்டில் இருக்கிற நாம்தான். அது பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கு. தட்டைத் தனியா எடுத்து வைக்கிறதும் நாம்தான், சேர்த்து வைக்கிறதும் நாம்தான். அதுவும் நோய் வந்தது மருமகளா இருந்தால், "உடம்பு தேறும் வரை தாய் வீட்டில் இரு" என்று அனுப்புற வழக்கம் இன்னமும் இருக்கு. போனவங்களில் சில பேரைத் திரும்பக் கூப்பிடுவதே இல்லை.

அதனால் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி முடிவு எடுக்கணும் என்று கேட்டுக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் இருந்தால் சளி பரிசோதனைக்குக் கூடவே போவோம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வீட்டில் உள்ள மற்றவங்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்போம். தேவைப்பட்டால் அவங்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவாங்க. டாக்டர் சொல்லும் நாட்கள் வரைக்கும் முகக்கவசம் போடணும், காத்தோட்டமான இடத்தில் படுக்கணும். மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்த விடக் கூடாது. உடம்பு தேறின மாதிரி இருக்கும், அப்போதுதான் நிறுத்துவாங்க. நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயா மாறிடலாம்.

சத்துணவுக்காக மத்திய அரசு காசநோயாளிக்கு 2018-ல் இருந்து மாசம் 500 ரூபாய் பேங்க் கணக்கில் போட்டாங்க. 2024 நவம்பரில் இருந்து அது 1,000 ரூபாய். நம்ம உறுப்பினருக்கோ அவங்க வீட்டு ஆளுக்கோ அது வந்து சேருதா என்று விசாரிப்போம். வேலைக்குப் போக முடியாத மாதங்களில் உள்கடன் தவணைக்கு அவகாசம் கொடுக்கலாமா என்று கூட்டத்தில் வச்சுப் பேசுவோம்.

கடைசியா ஒன்று. நோய் தீர்ந்து ஒருத்தர் வீடு வந்தால், அந்த வாரக் கூட்டத்தை அவங்க வீட்டில் வைப்போம். இதுக்குச் செலவு ஒரு டீ. வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் போதும், தெருவுக்கே தெரிஞ்சுடும்.

இந்த மூணையும் எங்க குழு தீர்மான நோட்டில் எழுதிட்டோம். உங்க குழுவிலும் எழுதுங்க.